வெசல் பொங்குன விஜயதசமி

விஜயதசமி அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பாத்திரம் கழுவுற லிக்விட், ஒரு வெசல் ஓட்டணும்.

வெசல்னா ஆள் உயரத்துக்கு மேல நிக்கிற எவர்சில்வர் தொட்டி. சின்னமனூர் தாண்டி கம்பம் ரோட்டுல, ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டி எங்க கம்பெனி இருக்கு. பாத்திரம் கழுவுற லிக்விட், தரை தொடைக்கிற லிக்விட், ரெண்டும் அங்கனதான் தயாராகுது.

என் அடையாள அட்டையில ‘கெமிக்கல் எக்யூப்மென்ட் ஆபரேட்டர்’னு போட்டிருக்கும். படிக்கிறவுக மெரண்டுருவாக. என் மச்சினன் இன்னமும் என் பக்கத்துல நின்னு பீடி பத்தவைக்க மாட்டான்.

உண்மையில என் வேலை இதுதான். தண்ணி மோட்டாரப் போடணும். வெசலுக்குப் பக்கவாட்டுல நெட்டுக்குத்தலா ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும், அது பேரு லெவல் ட்யூப். உள்ள தண்ணி எவ்வளவு ஏறுதோ, ட்யூபுலயும் அவ்வளவு ஏறும். கோட்டைத் தொட்டதும் மோட்டார நிப்பாட்டணும். அப்புறம் சோப்புப் பேஸ்ட்டைக் கொட்டி, கலக்குற மோட்டார மெதுவா ஓட்டணும். வேகமா ஓட்டுனா நுரைச்சிரும்.

மோட்டாரப் போடுறதுக்கு யாரு வேணாலும் போதும். நிப்பாட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அன்னைக்கு ஓட்டுற வெசல் சாதாரண வெசல் இல்ல. கோட்டயத்துலருந்து ஒரு பெரிய வியாபாரி நேர்ல பாக்க வர்றாரு. அவருக்குப் புடிச்சா மாசாமாசம் லோடு போகும். லோடு போனா கம்பெனியில ரெண்டாவது ஷிஃப்ட் வரும். ரெண்டாவது ஷிஃப்ட் வந்தா அதுக்கு நான் இன்சார்ஜ். மொதலாளியே வாய்விட்டுச் சொல்லிருந்தாரு.

இதை வீட்டுல சொன்னது என் தப்பு. என் வீட்டுக்காரி அன்னைக்குச் சாயங்காலமே தெரு பூரா சொல்லிட்டா. உத்தமபாளையத்துல இருக்க அவ அண்ணனுக்குப் போன் போட்டு, “அவுகள இன்சார்ஜ் ஆக்கிட்டாகண்ணே”ன்னு முடிஞ்சு போன கதையாவே சொல்லிட்டா. மறுநாள் அந்த மச்சான் எனக்குப் போன் பண்ணி மொத தடவையா “மாப்ள”ன்னு மரியாதையாப் பேசுனாரு. அதுக்கப்புறம் நான் இன்சார்ஜ் ஆகாம இருக்க முடியாது.

இப்ப முதநாள் கதைக்கு வாங்க. ஆயுத பூசை.

எங்க கம்பெனியில மிஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைக்கிற பொறுப்பு வருசாவருசம் எனக்குத்தான். யாரும் குடுக்கல, நானா எடுத்துக்கிட்டது. போன வருசம் வச்ச சந்தனம் பூசை முடியுறதுக்குள்ள காஞ்சு உதிந்திருச்சு. பேக்கிங்ல இருக்க பேச்சியக்கா, “என்னலே தங்கராசு, மிஷினுக்குப் பொடுகு வந்துருச்சா?”ன்னு எல்லாரும் கேக்குற மாதிரி கேட்டாக.

அந்த ரோசத்துல இந்த வருசம் சந்தனத்துல மைதாப் பசை கலந்தேன். சொவத்துல போஸ்டர் ஒட்டுற அதே பசைதான்.

நெசமாவே நல்லாப் புடிச்சது. வெசலுக்குப் பட்டை, பைப்புக்குப் பட்டை. லெவல் ட்யூப் ஒல்லியா, நீளமா நின்னுச்சா, அதுக்கு மேலருந்து கீழ வரைக்கும் முழுசா பூசிவிட்டேன். சுவிட்ச் போர்டுல பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், வேகம் கூட்டிக் குறைக்கிற திருகு, ஒண்ணையும் விடல. எல்லாத்துக்கும் மஞ்சளாச் சந்தனம், நடுவுல குங்குமம். எல்லாப் பொத்தானும் கல்யாணத்துக்குக் கெளம்பி நின்ன மாதிரி இருந்துச்சு. நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சேன்.

மறுநாள் காலையில கெமிஸ்ட் நந்தினி வந்துச்சு. பெரியகுளத்துப் பொண்ணு. வயசு கம்மி, ஆனா எதையும் ரெண்டு தடவ பாக்கும்.

“அண்ணே, லெவல் ட்யூப்ல இருக்கதத் தொடச்சிருங்கண்ணே. ஒண்ணுமே தெரியல.”

“ஏம்மா, சாமிக்கு வச்சத அழிக்கிறதா? இன்னைக்கு மொத ஓட்டம்மா.”

“அப்ப லெவல எப்பிடிப் பாப்பீக?”

“தண்ணி ஏறுற சத்தத்துலயே சொல்லிருவேன்மா. எத்தன வருசமாப் பாக்குறேன்.”

“பொத்தான்லயுமா சத்தம் வரும்?”

“அதெல்லாம் கை தானாப் போகும் தாயி.”

“நான் சொல்லிட்டேன்ணே”ன்னு லேபுக்குள்ள போயிருச்சு.

அது சொன்னதுக்காக ஒரு மரியாதைக்குப் பொத்தான அமுக்கிப் பாத்தேன். பசை காஞ்சு இறுகிக் கெடந்துச்சு. நகத்தால சுத்திக் கீறி, ரெண்டு மோட்டாருக்கும் போடுற பொத்தான மட்டும் எளக்கி வச்சேன். நிப்பாட்டுற பொத்தான் ஞாபகத்துக்கே வரல.

கோட்டயத்துக்காரர் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனக் கீத்து. “விஜயதசமி எங்க ஊர்ல பிள்ளைகள எழுத்துக்கு இருத்துற நாள், மொத எழுத்து எழுதவைக்கிறது. புதுக் காரியம் தொடங்க நல்ல நாள்னு இன்னைக்கே வந்தேன்”ன்னாரு. மிஷின்ல இருந்த சந்தனத்தைப் பாத்து ஒரு கும்பிடு போட்டாரு. நான் மொதலாளியப் பாத்தேன். மொதலாளி என்னைப் பாத்துச் சிரிச்சாரு. அங்கனயே பாதி இன்சார்ஜ் ஆயிட்டேன்.

தண்ணி மோட்டாரப் போட்டேன். சளசளன்னு ஏறுது. காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறேன்.

அப்பப் பாத்து அவரு பேச ஆரம்பிச்சாரு. “நிங்களுக்கு மலையாளம் அறியுமோ?”

குமுளியில ரெண்டு வருசம் இருந்தவன் நான். விடுவேனா? குமுளி மழை, கப்பக்கிழங்கு, மீன்கறின்னு எனக்குத் தெரிஞ்ச மலையாளத்தை எல்லாம் அவரு முன்னாடி எறக்கி வச்சேன். அவருக்கு ஒரே சந்தோசம். தண்ணிச் சத்தம் என் காதுல இருந்து எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியல.

திடீர்னு ஞாபகம் வந்து நிப்பாட்டுற பொத்தான அமுக்குனேன். திரும்பிப் பாக்காமலே அமுக்குனேன், ஒரு ஸ்டைலுக்கு. பொத்தான் உள்ள போகவே இல்ல. தண்ணி பாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு.

இது தெரியாம பேஸ்ட்டைக் கொட்டுனேன். கலக்குற மோட்டாரப் போட்டேன். பாக்குறவருக்கு விறுவிறுப்பா இருக்கட்டுமேன்னு வேகத்தையும் கொஞ்சம் கூட்டி வச்சேன்.

மொதல்ல வெசல் மூடிக்குப் பக்கத்துல இட்லி அளவுக்கு ஒரு நுரை எட்டிப் பாத்துச்சு.

நான் சிரிச்சுக்கிட்டே அவரை அந்தப் பக்கம் திருப்பி, திராட்சைத் தோட்டத்தைக் காட்டுனேன். அவரு தோட்டத்தைப் பாத்துட்டுத் திரும்புறதுக்குள்ள அது தலகாணி அளவுக்கு வந்திருச்சு.

ஓடிப்போயி லெவல் ட்யூபப் பாத்தேன். சந்தனம் தெரிஞ்சது. சொரண்டுனேன். நகம்தான் ஒடிஞ்சது.

சுவிட்ச் போர்டுக்கு ஓடுனேன். எல்லாப் பொத்தானும் மஞ்சள், எல்லாத்துலயும் சிவப்புப் பொட்டு. இதுல எது பச்சை, எது சிவப்பு? கை தானாப் போகும்னு சொன்னேன்ல? போச்சு. ஒவ்வொரு பொத்தானாப் போயிப் போயி வந்துச்சு. சரி, வேகத்தையாவது குறைப்போம்னு திருகைப் புடிச்சுத் திருப்புனேன். எந்தப் பக்கம் திருப்புனா குறையும்னு எழுதியிருந்த எழுத்து சந்தனத்துக்கு அடியில இருந்துச்சு. மோட்டார் சத்தம் உர்ருன்னு ஏறுனப்பதான் தப்பான பக்கம்னு புரிஞ்சது.

வெசல் வாயிலருந்து நுரை புசுபுசுன்னு எறங்குது. எலுமிச்சை வாசம் ரோடு வரைக்கும் அடிக்குது. வாட்ச்மேன் வளக்குற கருப்பு நாய் நுரைக்குள்ள போனது தெரிஞ்சது. வெளிய வந்தது வெள்ளை நாய்.

சத்தம் கேட்டு பேச்சியக்கா தலைமையில பேக்கிங் அக்காமாரெல்லாம் ஓடி வந்தாக.

“ஏலே, பொங்குதுலே! தண்ணி தெளிலே!”

வீட்டுல பால் பொங்குனா நம்ம என்ன செய்வோம்? ஒரு கை தண்ணி தெளிப்போம், அடங்கிரும். பேச்சியக்கா அதே நெனப்புல, தரை கழுவுற ஹோஸைத் தூக்கி வெசல் வாயிக்கே அடிச்சாக. சோப்புத் தண்ணி மேல ஹோஸைப் பீச்சுனா என்ன ஆகும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கு அந்த நேரத்துல தெரியல. நானே “நல்லா அடிங்கக்கா”ன்னு சொன்னேன்.

நுரை முழங்காலத் தாண்டி இடுப்புக்கு வந்திருச்சு.

அப்பத்தான் கூட்டத்துல ஒரு அக்கா கன்னத்துல போட்டுக்கிட்டு, “பூசை முடிஞ்சு மொத ஓட்டமே பொங்கிருச்சுத்தா”ன்னாக. அவ்வளவுதான். பேச்சியக்கா ஹோஸைப் புடிச்சமேனிக்குக் குலவை போட்டாக. கூட இருந்த அத்தனை பேரும் சேந்து போட்டாக. ஷெட்டே அதிருது.

மொதலாளி மூஞ்சியில ரத்தமே இல்ல. நான் நெஜமாவே அழுதுருவேன் போல இருந்துச்சு. தெருவுல தலை காட்ட முடியாது. மச்சான் மறுபடி “ஏப்பா”ன்னு கூப்புட ஆரம்பிச்சுருவாரு. எல்லாம் என் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

கோட்டயத்துக்காரர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு நுரைக்கு நடுவுல நின்னாரு. “இது எந்தா?”ன்னாரு.

மொதலாளி என்னைப் பாத்தாரு. நாய் என்னைப் பாத்துச்சு.

“சம்பிரதாயம் சார்”னேன்.

வாயிலருந்து தானா வந்துருச்சு. அதோட நிப்பாட்டிருக்கலாம். நிப்பாட்டுறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்னு சொன்னேன், ஆனா அன்னைக்கு எதையுமே நிப்பாட்டல. “யாரு ஆர்டரா இருந்தாலும் சரி சார், மொத வெசல் பொங்கி வழியணும். வழிஞ்சாத்தான் அவுகளுக்கு யாவாரம் வழியும். எங்க பக்கத்து நம்பிக்கை. அக்காமாரு குலவை போட்டுத்தான் தொடங்குவோம்.”

மொதலாளி வேகமாத் தலையாட்டுனாரு.

கோட்டயத்துக்காரர் ரெண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி நுரைக்குள்ள நின்னாரு. அப்புறம் போனை எடுத்து மொதலாளிக்கிட்ட குடுத்து, என் தோள்ல கையப் போட்டு ஒரு போட்டோ எடுக்கச் சொன்னாரு. மொதலாளி என்னை மொறைச்சுக்கிட்டே எடுத்ததுல போட்டோ ரெண்டு தடவ எடுக்க வேண்டியதாப் போச்சு.

இத்தனைக்கும் நடுவுல லேப்லருந்து நந்தினி வந்துச்சு. ஒரு தடவ பாத்துச்சு. நேராப் போயி மெயின் சுவிட்சைக் கீழ எறக்குச்சு. மோட்டார் ரெண்டும் நின்னுச்சு. வாய்க்காலுக்குப் போற ஓட்டையச் சாக்கு வச்சு அடைக்கச் சொல்லி வாட்ச்மேன அனுப்புச்சு. மெயின் சுவிட்ச்னு ஒண்ணு இருக்குறதே எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, அது ஒசரத்துல இருந்ததால எனக்குச் சந்தனம் வைக்க எட்டல.

மொதலாளி கோட்டயத்துக்காரரைச் சாப்பிடக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அந்த நேரத்துல நந்தினி சாம்பிள் எடுத்துப் பாத்துட்டு, “ரசம் மாதிரி இருக்குண்ணே”ன்னுச்சு. பாதித் தண்ணிய வேற தொட்டிக்கு மாத்தி, பேஸ்ட்டு சேத்து, கெட்டியாகுறதுக்கு உப்புக் கரைச்சு ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமாப் பதத்துக்குக் கொண்டு வந்துச்சு. நான் பக்கத்துல நின்னு, சொன்ன வால்வைச் சொன்ன நேரத்துல திருகுனேன். எனக்கு உண்மையிலேயே வெக்கமா இருந்துச்சு. “நீ சொன்னப்பவே தொடச்சிருக்கணும் தாயி”ன்னேன். “இப்பயாச்சும் தொடைங்கண்ணே”ன்னு ஒரு ஈரத்துணியக் குடுத்துச்சு. மைதாவுக்குச் சுடுதண்ணி வேணும்னும் அதுதான் சொல்லுச்சு.

சாப்பிட்டு வந்தவரு லிக்விட்டைக் கையில எடுத்துப் பாத்தாரு, மோந்து பாத்தாரு, தலையாட்டுனாரு. “கொள்ளாம்”னாரு, நல்லாருக்குன்னு அர்த்தம். ஆர்டர் உறுதியாச்சு.

கார்ல ஏறும்போது அவரு மொதலாளி கையப் புடிச்சு ஒரே ஒரு விசயம் கேட்டாரு. “மாசாமாசம் எங்களோட மொத வெசல் இதுபோலத் தன்னே பொங்கணும். அடுத்த மாசம் வீட்டுக்காரியோட வருவேன். அவளும் காணட்டே.”

மொதலாளி திரும்பி என்னைப் பாத்தாரு. அந்தப் பார்வைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ரெண்டாவது ஷிஃப்ட் வந்துருச்சு. இன்சார்ஜ் நந்தினி. அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அதுக்குத்தான் தகுதி. வீட்டுலதான் சொல்ல வேண்டியதாப் போச்சு. என் வீட்டுக்காரி, “அப்ப உங்களுக்கு என்ன வேலை?”ன்னு கேட்டா.

மாசம் ஒருக்கா வெசலைப் பொங்கவிட்டு, அக்காமாரு குலவை போட்டு முடிச்சதும், ஷெட்டு பூரா நான் ஒருத்தனே கழுவணும். மொதலாளி உத்தரவு. தண்ணிய ஊத்துனா நுரைக்கும், நுரைச்சா இன்னும் தண்ணி ஊத்தணும். காலையில ஆரம்பிச்சா பொழுது சாய்ஞ்சிரும்.

பொய் சொன்னதுகூட பெருசில்ல, ‘வருசத்துக்கு ஒருக்கா’ன்னு சேத்துச் சொல்லிருக்கணும்.