இருண்ட திரையும் என் இடுப்பு வலியும்

ஓடுகிற மானிட்டரைக் கெடுத்தே தீருவது என்று, வெள்ளிக்கிழமை பிற்பகலில், வயிறு நிறைய பிரியாணியோடு ஒருவன் தீர்மானம் போட்டிருக்கிறான் என்றால் அது ஹபீபுல்லாவாகிய நானாகத்தான் இருக்கும்.

காரணம் நஸ்ருல்லா மச்சான். என் மனைவி ஷரபுன்னிசாவின் அண்ணன். குவைத்தில் உட்கார்ந்துகொண்டு இங்கே தில்லை நகரில் வீடு கட்டுகிறார். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமாம். காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவனுக்கு மத்தியானத்துக்கு மேல் என்ன வேலை என்று கேட்கிறார். தூக்கம் வேலையில்லையா? ஒருநாள்கூட லீவு போடாமல் செய்துவருகிறேன்.

ஆகவே இடுப்பு வலியை வரவழைத்துக்கொண்டேன். "குனிய முடியல மச்சான், நிமிர முடியல மச்சான்" என்று போனில் முனகினேன். ஷரபுன்னிசா ஒரு வாரமாகத் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தாங்கு தாங்கென்று தாங்கினாள். இவ்வளவு கவனிப்பு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் கல்யாணமான மறுநாளே வலியை ஆரம்பித்திருப்பேன்.

மச்சானுக்குச் சந்தேகம். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. வீடியோவில் வந்து என் இடுப்பை விசாரிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் செல்போனில் சின்னதாகத் தெரிந்தால் ஷரபுன்னிசாவுக்கு ஆகாது. கம்ப்யூட்டரைப் போட்டாள். திரை முழுக்க மச்சான்.

"எங்க மாப்ள, எந்திரிச்சு ரெண்டு எட்டு நடந்து காட்டுங்க" என்றார்.

மேஜைக்கடியில் என் கால் கட்டைவிரல் தயாராக இருந்தது. மானிட்டர் வயரை முன்னாடியே தளர்த்தி வைத்திருந்தேன். ஒரே இழுப்பு. திரை கறுத்தது. ஸ்பீக்கரும் மானிட்டருக்குள்ளேயே இருந்ததால் சத்தமும் அடங்கியது. படம் போனால் ஆளும் போன மாதிரிதானே? அப்படித்தான் நினைத்தேன்.

"மௌத்தாயிடுச்சு" என்றேன் துக்கத்தோடு.

"யாருங்க?" என்றாள் ஷரபுன்னிசா.

"மானிட்டரு. உள்ள போர்டு போயிருக்கும். இனிமே தேறாது."

"நாடி பிடிக்காமலே சொல்றீங்களே. வயர் லூஸா இருக்கும். குனிஞ்சு பாருங்க."

"என் இடுப்பு..."

"அதான் திரையே கறுத்துக் கிடக்கே. இன்னும் யாருக்காக நொண்டறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"வலது பக்கம் தேய்ச்சா இடது பக்கம் வலிக்குதுன்னீங்க. மறுநாள் அதுவும் மாறிப்போச்சு. ஒரு வாரமா தேய்ச்சவ எனக்குத் தெரியாதா?"

தெரிந்தும் அண்ணனிடம் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும் என்று நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

அந்த நெகிழ்ச்சியில் மேஜைக்கடியில் தவழ்ந்து போய், வயரைத் தொடாமலே "கெட்டியா இருக்கு" என்று அறிவித்துவிட்டு, துள்ளி எழுந்தேன். வெளிச்சம் கூட்டும் பட்டனை அமுக்கச் சொன்னாள். அமுக்கினேன். அணைத்துப் போடச் சொன்னாள். போட்டேன். இருட்டு இருட்டாகவே இருந்தது.

"வேற மானிட்டரை மாட்டினா கோளாறு எதுலன்னு தெரிஞ்சிடும். பரண்ல அந்தப் பழைய குண்டு மானிட்டர் கிடக்குல்ல?"

அது எப்போதோ உயிரை விட்டிருக்கும் என்று நம்பினேன். இரண்டும் போச்சு என்றால் மச்சான் பேச்சுக்கே இடமில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறினேன். "கேமரா விழுந்துடப் போகுது" என்று மானிட்டர் தலையிலிருந்த கேமராவை எடுத்து, பக்கத்து அலமாரியில் என்னைப் பார்த்தாற்போல் பத்திரமாக வைத்தாள். என்ன பொறுப்பு.

வெங்காய மூட்டை கனம் கனத்தது அந்த மானிட்டர். கட்டிப்பிடித்து இறக்கினேன். அதைச் சுமந்தபடியே கூடத்தை ஒரு சுற்றும் வந்தேன்.

"பார்த்தியா? மண்டில மூட்டை தூக்கின உடம்பு. உங்க அண்ணன் வீட்டுக்கு நான் வெயில்ல நிக்கணுமா? குவைத்துல இல்லாத வெயிலா? வேணும்னா அவரே வந்து நிக்கட்டும்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. மனசுல உள்ளதெல்லாம் வெளிய வரட்டும்."

சத்தமாகவே சொன்னேன். சொல்லிக்கொண்டே பழைய மானிட்டரை அதன் வயரோடு மாட்டி, சுவிட்சைப் போட்டேன். அது இருமியது. கிர்ரென்றது. பிறகு மெதுவாக, பச்சை பச்சையாக ஒரு முகம் தெரிந்தது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ரூம்காரர்கள் பின்னால் நெருக்கியடித்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கட்டான வீடியோ கால் எப்படி வந்துச்சு?" என்றேன்.

"கட்டாகவே இல்லீங்க. படம்தான் போச்சு. கேமராவும் மைக்கும் நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஷரபுன்னிசா.

மச்சானின் வாய் அசைந்தது. பழைய மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லாததால் சத்தம் வரவில்லை. ஷரபுன்னிசாவின் செல்போன் அடித்தது. "சரிண்ணே... கண்டிப்பா சொல்லிடுறேன்ணே" என்று வைத்தாள்.

"என்னவாம்?"

"மேற்பார்வைக்கு வேற ஆள் பார்த்துக்கிறாங்களாம். நீங்க நாளைலேர்ந்து செங்கல் தூக்க வந்தாப் போதுமாம்."