கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு முகம்

"போட்டோவைப் பெரிசாக்கணும்னு சொல்லிட்டு, வெறும் காலைக் கொண்டுவந்து குடுக்குறீங்களே டீச்சர்!" என்றார் ஸ்டூடியோக்காரர்.

சின்ன டீச்சர் அசடு வழிந்தாள். பரணிலிருந்து எடுத்த படத்தில் கரையான் விட்டுவைத்தது அவ்வளவுதான். ஒரு நாற்காலியின் கீழ்ப்பாதி, இரண்டு பாதங்கள். முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை.

"இதை வெச்சு முகத்தைக் கண்டுபிடிக்க முடியாதா?"

"காலை மோந்து பார்த்து ஆளைச் சொல்றதுக்கு நான் என்ன போலீஸ் நாயா?"

அவள் வீட்டில் எல்லோரும் ஆசிரியர்கள். அப்பா கணக்கு, அத்தை வரலாறு, காலமான தாத்தா இலக்கணம். கடைசியாக வேலைக்குப் போனதால் இவளுக்குச் ‘சின்ன டீச்சர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த வரிசைக்கு முதல் ஆள் கொள்ளுத்தாத்தா. அவர் வீட்டு முன்னறையில் தொடங்கிய வகுப்புதான் இன்று அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம். அங்கே எழும்பியிருக்கும் புதுக் கட்டடத்துக்கு அவர் பெயரை வைக்கப்போகிறார்கள். தலைமையாசிரியை கேட்டது ஒரே ஒரு படம்.

"இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. நாம தின்ற சோறு அவர் போட்டது. அவருக்கு ஒரு முகம்கூடக் குடுக்க முடியலைன்னா எப்படி?" என்று அப்பா தழுதழுத்தார்.

சின்ன டீச்சருக்கும் அதே நினைப்புதான். கரும்பலகை முன்னால் நின்று சாக்பீஸைக் கையில் எடுக்கும்போதெல்லாம், பார்த்தே இராத அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டுத்தான் தொடங்குவாள்.

"பேரன் முகத்துல தாத்தா முகம் கொஞ்சமாவது இருக்கும். உங்க அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்று வழி சொன்னார் ஸ்டூடியோக்காரர்.

அப்பா பழைய கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் சிரிங்க சார்."

"வாத்தியார் சிரிச்சா வகுப்பு கையை விட்டுப் போயிடும்" என்று முறைத்தார் அப்பா. அந்த முறைப்போடே படம் எடுத்து, பழுப்பு நிறம் ஏற்றி, அசல் பாதங்களைக் கீழே ஒட்டினார்கள்.

தலைமையாசிரியை படத்தை வாங்கிப் பார்த்தார். "இவர் உங்க அப்பாதானே? போன வருஷம் ஆண்டுவிழாவுல மைக்கை விடாம பேசினாரே?"

"இல்லைங்க மேடம்… சாயல்" என்றாள் சின்ன டீச்சர். பிறகு, "இன்னும் நல்ல பிரதி ஒண்ணு வீட்ல இருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

இந்த இடத்தில்தான் அத்தை உள்ளே நுழைந்தாள்.

"மூக்கு தப்பு. தாத்தா மூக்கு என் மூக்கு."

"அக்கா, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே அவர் போய்ச் சேர்ந்துட்டாரு!"

"அப்பா சொல்லிக் கேட்டிருக்கேன்டா. வரலாறுங்கறதே கேட்டுச் சொல்றதுதானே?"

படத்தில் அத்தையின் மூக்கு ஏறியது. அது ஏறியதும் அப்பாவின் வாய் மூக்குக்குக் கீழே ஒளிந்துகொண்டது. அதைச் சரிக்கட்ட ஒரு மீசை வைத்தார்கள். மீசை வைத்ததும் முகம் அடிதடிக்குக் கிளம்பியதுபோல் ஆனது. சாந்தம் வேண்டும் என்று சின்ன டீச்சரின் கண்களை வைத்தார்கள். முழுசாக முடித்துவிட்டு ஸ்டூடியோக்காரர் தள்ளி நின்று பார்த்தார்.

"உங்க குடும்பமே ஒரே சட்டைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு டீச்சர்."

தலைமையாசிரியைக்கோ படம் ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆஹா! என்ன கம்பீரம்! ஒரு நல்ல சேதி சொல்றேன், கேளுங்க. அந்த முன்னறையில உட்கார்ந்து படிச்ச பெரியவர் ஒருத்தர் இன்னும் இருக்காரு. தொண்ணூறு தாண்டியாச்சு, நினைவு மட்டும் கற்கண்டு மாதிரி. அவர்தான் படத்தைத் திறந்துவைக்கப்போறார்."

சின்ன டீச்சர் நேராக வீட்டுக்கு ஓடினாள்.

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா."

"அழைப்பிதழ் போனதுக்கப்புறமா? படத்தை உச்சாணியில மாட்டிடு. தொண்ணூறு வயசுக் கண்ணுக்கு என்ன தெரியப்போவுது?"

அப்படியே, ஏணி வைத்து, கூரையை முட்டுகிற உயரத்தில் மாட்டினார்கள்.

விழா அன்று கூடம் நிறைந்திருந்தது. பெரியவர் கைத்தடியோடு மெல்ல வந்து கயிற்றை இழுத்தார். துணி விலகியது. எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏம்மா, கழுத்து வலிக்குது. அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்களேன். கிட்டத்துல பார்க்கணும்."

ஏணி மறுபடியும் வந்தது. படம் இறங்கி, நாற்காலியில் உட்காரவைத்த பெரியவரின் மடிக்கு வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். அப்பா மேற்கூரையைப் பார்த்தார். அத்தை கைக்குட்டையால் மூக்கை மறைத்துக்கொண்டாள். சின்ன டீச்சர் மன்னிப்புக் கேட்கத் தோதாக வாயைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பெரியவரின் விரல் படத்தின்மேல் மெல்ல ஊர்ந்தது. கன்னத்தில் நீர் வழிந்தது.

"இவரேதான்! அப்படியே இருக்காரு! இந்த மூக்கு, இந்தக் கண்ணு… எத்தனை வருஷமாச்சு இந்த மகராசனைப் பார்த்து!"

அத்தை கைக்குட்டையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்த பார்வையில் வரலாறு வென்றிருந்தது. அப்பா கோட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆளாளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் முகத்துக்குள் அவரை வைத்திருந்திருக்கிறார்கள்; இத்தனை நாளும் அது தெரியாமலே இருந்திருக்கிறது. பொய்யென்று பயந்து மாட்டிய படம் மெய்யாகிவிட்டதே என்று யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், சின்ன டீச்சர் பெரியவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை மைக்கை நீட்டினார். "ஐயா, இவர் எப்படிப் பாடம் நடத்துவாருன்னு எங்க பிள்ளைங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பெரியவர் மைக்கையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாடமா? இவருக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்குடுத்ததே இவர் சம்சாரம்தானே. அந்த டீச்சரம்மா எங்களுக்குப் பாடம் நடத்தி முடிக்கிற வரைக்கும் கைக்குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல்லயே நடப்பாரு, அதனாலதான் நாங்கல்லாம் படிச்சோம்!"