தசம் அண்ணைக்கும் தொலைக்காட்சிக்கும் நடந்த வழக்கு

எங்கள் சுருவிலில் வேலிக்காக வழக்காடியவர்கள் உண்டு. பங்குக் கிணற்றுக்காகப் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. கோயில் திருவிழாவில் யாருடைய உபயம் முதலில் என்று மூன்று தலைமுறையாக முறைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. ஆனால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியோடு மாதக்கணக்கில் பகை நடத்தி, கடைசியில் அதன் வாயை அடைத்து மூலையில் இருத்தியவர் யாழ்ப்பாணத்து ஏழு தீவிலும் தசம் அண்ணை ஒருவர்தான்.

பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை. "ஐஞ்சு தசம் ஒண்டு" என்று ஒரு நாளைக்கு முப்பது தரமாவது சொல்லுவார். ஊர் அதிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது. அறையைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிப் பெட்டிகள், தரையில் தடித்த பெட்டி ஒன்று: அதுதான் ஐந்து தசம் ஒன்று, எழுத்தில் 5.1. "அந்த ஆறாவதை ஏன் அண்ணை ஒண்டு எண்டு எண்ணாமல் தசம் எண்டு எண்ணுகினம்?" என்று கேட்டேன்.

"அவனை முழுசா எண்ணேலாது காணும். பேச்சு வராது. உறுமல் மட்டும்தான்."

பிரதேச செயலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்ட மேலதிகாரிகள் பலரின் கீழ் வேலை செய்தபடியால் உடனே விளங்கிவிட்டது.

இதெல்லாம் தொடங்கியது ஒரு விசாவினால். தசம் அண்ணைக்கு ஒரே மகள், சுபா. ரொறன்ரோவில் இருக்கிறாள். கலியாணம் அங்கேதான் என்று முடிவானதும், அண்ணைக்கும் மனைவி மணியக்காவுக்கும் விண்ணப்பப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். இணைப்புகள் ஒன்று முதல் பதினான்கு வரை, ஒவ்வொன்றிலும் கையொப்பம், திகதி, பக்க எண். நான் நிரப்பிய படிவம் ஒன்று நிராகரிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அந்தக் கடிதத்தை நான் ஏழு முறை வாசித்தேன். அண்ணை ஒரு முறையும் வாசிக்கவில்லை.

"நேரடியா ஒளிபரப்புவினமாம் அண்ணை. வீட்டிலை இருந்தே பாக்கலாம்" என்றேன் ஆறுதலாக.

"பாக்கிறதுக்கு நான் என்ன விருந்தாளியோ?" என்று சீறினார். "பொம்பிளையின்ரை தகப்பன் எங்கை நிக்கிறவன், சொல்லும் பாப்பம்? தாரை வார்த்துக் குடுத்த கையோடை பின்னுக்கு வந்து வாசலடியிலை நிக்கிறவன். ஆர் வந்தவை, ஆர் சாப்பிட்டவை, ஆர் மூஞ்சையை நீட்டிக்கொண்டு போகினம் எண்டு பாக்கவேணும். மேளம் முன்னுக்குக் கேக்கவேணும், சனம் பின்னுக்குக் கேக்கவேணும். நான் மண்டபத்துக்குள்ளை நிக்கவேணும் காணும்! விசா இல்லாட்டில் என்ன, சத்தத்தை இஞ்சை கொண்டு வருவன்."

ஆளைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. தெற்கே ஒரு பட்டணத்தில் முப்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வாசலைப் பார்த்து உட்கார்ந்தபடி, முதுகுக்குப் பின்னால் சீனி கொட்டும் சத்தத்தை வைத்தே, "ஒரு கரண்டி கூடிப்போச்சு, எடு" என்பாராம். மணியக்கா சத்தியம் செய்தார். நான் பாதியை நம்பினேன்.

மணியக்காவின் தம்பி ரொறன்ரோவிலிருந்து, தான் பாவித்துவிட்ட பெட்டிகளையும் அம்பிளிபயரையும் கப்பலில் அனுப்பினார். அங்கிருந்து வரும் எந்தப் பெட்டியையும் போல இதிலும் இடைவெளிக்கெல்லாம் சொக்கிலேற்றும் காலுறையும் அடைத்திருந்தது. அம்பிளிபயர் வயரின் நுனியில் இருந்த மின்முளை எங்கள் சுவர் ஓட்டையில் பொருந்தவில்லை. அண்ணை கத்தியை எடுத்து முளையை வெட்டிவிட்டு, எங்கள் ஊர் முளையைப் பூட்டினார்.

"அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. பின்னுக்கு என்னவோ எழுதிக் கிடக்கு. வாசிப்பம்."

"வாசிக்க என்ன கிடக்கு? பெரிய நாட்டுச் சாமான், எங்கடை கறண்டைத் தாங்காதோ?"

பெரிய நாட்டின் மின்சாரம் நூற்றிருபது வோல்ற். எங்கள் சின்னத் தீவினுடையது இருநூற்று முப்பது. வெளிநாட்டுப் பொருளை எங்களவர் இப்படி வரவேற்பது புதிதல்ல; வீட்டுக்கு ஒன்று எரிந்திருக்கும். அம்பிளிபயர் ஒரு முறை பெருமூச்சு விட்டது. பிறகு புகை விட்டது. ஊர்காவற்றுறையில் திருத்துபவரிடம் மூன்று வாரம் படுத்திருந்துவிட்டு, மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டி ஒன்றின் துணையோடு வீடு திரும்பியது. அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்கவேண்டும்.

பிறகுதான் வழக்கு. டிவிடி ஓட்டியைத் தொலைக்காட்சியில் தொடுத்து, தொலைக்காட்சியிலிருந்து அம்பிளிபயருக்கு ஒரு வயர் இழுத்தார். சோதித்துப் பார்ப்பதற்கென்றே தம்பியார் ஒரு டிவிடித் தட்டு அனுப்பியிருந்தார்; அதில் மழை மட்டும்தான் பெய்யும். நாலு பக்கமும் பெய்யவேண்டும். எங்களுக்கு முன்பக்கம் மட்டும் பெய்தது. பின்னால் இருந்த பெட்டிகள் நிவாரணம் கிடைக்காத கிராமம் போல வறண்டு கிடந்தன.

"இதென்ன மழை? விறாந்தைக்கு மட்டும் பெய்யுது. குசினிப் பக்கம் ஒரு துளி இல்லை" என்றார் மணியக்கா.

அண்ணை தொலைக்காட்சியை முறைத்துப் பார்த்தார். அவருக்குள் இருந்த முதலாளி விழித்துக்கொண்டார். "ஐஞ்சு உள்ளுக்குப் போகுது. ரண்டு வெளியிலை வருது. மிச்சம் மூண்டையும் இவன்தான் அடிக்கிறான்."

அன்றிலிருந்து தொலைக்காட்சி அந்த வீட்டில் களவாளி. அவர் அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிடுவார். வயரைக் கழற்றுவார், பூட்டுவார், ஓட்டை மாற்றுவார். நாலு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் அந்த அரை மழை பெய்தது. "விட்டிட்டு ஒரு நல்ல படத்தைப் போட்டுப் பாருங்கோவன்" என்று மணியக்கா கெஞ்சினால், "களவெடுக்கிறவன்ரை கையிலை வாங்கிச் சாப்பிடமாட்டன்" என்பார்.

கடைசியில் கையேடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். "நீர் படிச்சனீர். இவன்ரை களவை எனக்கு எழுத்திலை காட்டும்."

மூன்று நாள் வாசித்தேன். முப்பத்திரண்டு வருடச் சேவை வீண்போகவில்லை. தொலைக்காட்சியின் குணம் எனக்கு நன்கு பழகிய குணம்.

"அண்ணை, அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் 'இன்னார் ஊடாக' எண்டு போடவேணும், தெரியும்தானே? நீங்கள் ஐஞ்சு பக்கம் எழுதி ஒருத்தர் ஊடாக அனுப்புறியள். அவர் அதைச் சுருக்கி ரண்டு வரியாக்கித்தான் மேலை அனுப்புவார். இந்த ரிவிப் பெட்டி அவர்தான். தன்ரை சொந்தச் சத்தமெண்டால் அப்பிடியே விடும். வேறை சாதனம் குடுக்கிறதெல்லாத்தையும் ரண்டாச் சுருக்கும். புதுசுகளிலை சுருக்காமல் அனுப்பெண்டு கட்டளை போடலாம். இதிலை அந்த வசதி இல்லை."

"அப்ப களவில்லையோ?"

"இல்லை. உத்தியோகம்."

"அதுக்கு என்ன செய்யிறது?"

"ஊடாக அனுப்பாமல் நேரை அனுப்புறது. டிவிடியை அம்பிளிபயரிலை தொடுங்கோ. அம்பிளிபயர் சத்தத்தைத் தான் வைச்சுக்கொண்டு படத்தை மட்டும் ரிவிக்கு அனுப்பும். தகவலுக்காகப் பிரதி."

அப்படியே செய்தோம். அன்று வீட்டின் நாலு மூலையிலும் அப்படியொரு மழை கொட்டியது! கிணற்றடியில் நின்ற மணியக்கா, "ஐயோ என்ரை ஒடியல்!" என்று கத்தியபடி முற்றத்துக்கு ஓடி, பாயில் காயவைத்திருந்த பனங்கிழங்கு முழுவதையும் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அண்ணை கதிரையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "நனைஞ்சு போனன் காணும்" என்றார்.

கலியாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அடுத்த அடி விழுந்தது. ரொறன்ரோவில் படம் பிடிப்பவரைத் தம்பியார் விசாரித்தார். அவர் ஒளிபரப்பில் சத்தம் இரண்டு வழியாக மட்டும்தான் வருமாம். கடிதமே இரண்டு வரி. நேரே அனுப்பினாலென்ன, ஊடாக அனுப்பினாலென்ன?

அன்று முழுநாளும் அண்ணை யாரையும் ஏசவில்லை, தொலைக்காட்சியையும் சேர்த்து. மணியக்கா வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, "இவரை ஒருக்கால் வந்து பாரும் தம்பி. தேத்தண்ணியும் வேண்டாமெண்டிட்டார்" என்றார். போய்ப் பார்த்தேன். கையேட்டில் சொல்லுவதற்கு ஒன்றும் இல்லாதபடியால் ஆறிப்போன அந்தத் தேத்தண்ணியை நான் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் என் வேலிப் படலையில் இடி. "வாரும் காணும்! அம்பிளிபயரின்ரை முதுகைப் பாரும்!"

முதுகில் வரிசையாக ஆறு ஓட்டைகள். நான் வாசித்துவிட்டு, பழைய வசதி என்று தள்ளிவைத்த பக்கம் அது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகச் சத்தம் கொடுப்பதற்கான வழி.

"பெட்டிக்கு ஒரு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கைபேசி. அங்கை மண்டபத்திலை மூலைக்கு ஒரு கைபேசி. அதுகள் ஒண்டோடை ஒண்டு கதைக்கட்டும். ஐஞ்சு போன் கோல், ஐஞ்சு பெட்டி. ஏலுமோ ஏலாதோ?"

"ரிவி?"

"வாயை மூடிக்கொண்டு படம் காட்டட்டும்."

அதைத் தடுக்கும் விதி ஏதும் இருக்கிறதா என்று கையேட்டின் மூன்று மொழிப் பகுதிகளிலும் தேடினேன். இல்லை.

ஊரில் ஐந்து கைபேசியும், ஒளிபரப்பின் படத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர ஒரு மடிக்கணினியும் இரவல் வாங்கினோம். கைபேசிகளில் ஒன்று முதல் ஐந்து வரை நான் இலக்கம் ஒட்டினேன். அங்கே தம்பியார் அதே இலக்கத்தில் ஐந்து ஒழுங்கு செய்தார்: ஒன்று நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில், இரண்டு மணவறையில் ஐயருக்கு அருகே, மூன்று மாப்பிள்ளை வீட்டாரிடம், நான்கு பெண்கள் பக்கம், ஐந்து பின்வாசலடியில் ஒரு வெறுங்கதிரை மேல். அந்தக் கதிரை பெண்ணின் தகப்பனுக்கு. எங்கள் அறைச் சத்தம் அங்கே போய்க் குழப்பாதபடி, ஐந்திலும் எங்கள் பக்கத்துக் குரலை நான் நிறுத்தி வைத்தேன்.

அங்கே காலை முகூர்த்தம். எங்களுக்கு மாலை ஏழரை. தசம் அண்ணை பட்டுவேட்டி சால்வையோடு அறை நடுவில் நின்றார். அயலவர்கள் இருபது பேர் மணமக்கள் மேல் தூவும் அறுகரிசியும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். ஐயரின் மந்திரம் நேர் முன்னால் கேட்டது. மேளம் இடப்பக்கம். பின்னால் வலது மூலையிலிருந்து தெளிவாக ஒரு பெண்குரல்:

"உந்தக் கூறைச் சேலைக்கு உந்த நிறத்தை ஆர் எடுத்தது? அக்காவாத்தான் இருக்கும். அவவுக்கு எப்பவும் கண் மட்டம்."

அது மணியக்காவின் சொந்தத் தங்கை. மணியக்கா எழுந்துவிட்டார். "அடியே, உனக்கு நான்..." குரலை நிறுத்தி வைத்திருந்தது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது.

"நாலாம் இலக்கம் வேலை செய்யுது!" என்றார் அண்ணை, முகமெல்லாம் பூரிப்பாக.

கெட்டிமேளம் கேட்டது. எல்லோரும் அறுகரிசியை அள்ளித் தொலைக்காட்சி மேல் எறிந்தோம். படத்தில் தாலித் தட்டு இன்னும் சபையைச் சுற்றிக்கொண்டிருந்தது. படம் சத்தத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிந்தி வருகிறது என்பதை ஒத்திகையில் நான் கவனிக்கவில்லை. சேவைக் காலத்தில் இப்படியொரு தவறு என் பேரில் பதிவாகவில்லை. அதற்குள் மூன்றாம் பெட்டியில் மறுபடி கெட்டிமேளம், பிறகு ஐந்தாம் பெட்டியில். ஒவ்வொரு கைபேசியும் தன் தன் வசதிக்கு வந்துசேர்ந்தது. நாங்களும் விடாமல் எறிந்தோம். படத்தில் தாலி ஏறும் நேரம் அறுகரிசி முடிந்து, மணியக்கா குசினிக்கு ஓடிப் புழுங்கலரிசி கொண்டுவந்தார்.

சடங்குகள் ஒவ்வொன்றாக முடியும் நேரம், படத்தில் சுபா இன்னும் தலைகுனிந்து இருந்தாள். அண்ணை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது எங்களுக்குப் பின்னால், அலுமாரிக்கு மேல் இருந்த ஐந்தாம் பெட்டியில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம். ஓடிவந்தவள் மூச்சு வாங்கும் சத்தம்.

"அப்பா... நிக்கிறியளோ?"

அண்ணை தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். படத்தில் அவள் இன்னும் மணவறையில்தான் இருந்தாள்.

"நிக்கிறன் பிள்ளை" என்றார் அலுமாரியைப் பார்த்து. "பின்னுக்குத்தான் நிக்கிறன்."

நான் எழுந்து ஓடினேன். ஐந்தாம் இலக்கத்தைத் தேடி எடுத்து, அடைத்து வைத்திருந்த எங்கள் குரலைத் திறந்து, அவர் வாயருகே பிடித்தேன். "திரும்பச் சொல்லுங்கோ அண்ணை, இப்ப கேக்கும்" என்றேன்.

சொன்னார். பிறகு வெகுநேரம் பேசினார், தலையை அண்ணாந்து அலுமாரிப் பெட்டியைப் பார்த்தபடி. பேசவேண்டியது அதனிடம் அல்ல, என் கையில் இருப்பதனிடம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. கை கடுக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.