கேட் பாஸில் போன தவளை

காலை ஐந்தே முக்கால். முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. மழையில்லை, வெயிலும் இன்னும் வரவில்லை. கம்பெனி காம்பவுண்டு சுவரின் மேல் ஒருவர் உட்கார்ந்து, விரித்த குடையைத் தலைக்குப் பின்னால் தட்டுபோல் பிடித்திருந்தார். கீழே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன.

“குடை சத்தத்தைக் கூட்டிக் குடுக்கும்” என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

புது உயிரினம் ஒன்று உண்டாவதை முதல் நாளிலிருந்து பார்த்துவிட வேண்டும் என்று இடம்பிடித்து உட்கார்ந்த மனிதர் உலகத்திலேயே லட்சம் சார் ஒருவர்தான்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த எழுபதுகள். வேலையில் சேர அன்றுதான் புதுவாயலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன். அவர் அங்கே டைம் கீப்பர். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் கடிகாரம் அட்டையில் சிவப்பு மையால் குத்தும். அரை நாள் சம்பளம் போகும். மனைவிக்குப் பிரசவம் என்று கெஞ்சியவனிடம், “கொழந்தை நேரத்துக்குப் பொறந்துச்சா இல்லியா?” என்று கேட்டவர். அதே மனிதர் டைம் ஆபீஸைத் தாண்டினால் லட்சம் வருஷத்துக்குக் குறைந்து பேசமாட்டார். அதனால்தான் லட்சம் சார்; சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை.

அவர் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க ஒரு கல். சத்தியவேட்டுப் பக்கம் கிடைத்தது. அதில் ஓர் இலையின் அச்சு, நரம்பு நரம்பாக.

“இந்த மரம் இப்போ பூமியில எங்கியுமே இல்ல.”

“யார் சார் வெட்னது?” என்றான், தினமும் பிந்தி வரும் ஃபிட்டர் ஒருவன்.

“யாரும் வெட்டல. காலம் மாறுச்சு, அதால மாற முடியல. நீயும் மாத்திக்கலன்னா இதே கதிதான்.”

கம்பெனி சுவர் கட்டியபோது ஒரு குட்டையை இரண்டாக வெட்டிக்கொண்டு போனது. வடக்குப் பாதி ஊருக்கு, தெற்குப் பாதி கம்பெனிக்கு. அன்று பிடித்தது அவருக்கு இந்தத் தவளைப் பைத்தியம். பிரிந்த தவளைகள் சேராமலே இருந்தால் லட்சம் வருஷத்தில் இரண்டு வகையாகிவிடும். ஒன்று கூப்பிடுவது மற்றதற்குப் புரியாது என்பார். சுவரிலிருந்த தண்ணீர் ஓட்டைகளைச் சிமெண்டு குழைத்துத் தானே அடைத்தார். தாவி வந்த தவளைகளை, “கேட் பாஸ் இல்லாம உள்ள வரக் கூடாது” என்று பிடித்துத் திருப்பி அனுப்பினார்.

பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்தது. வேண்டாமென்றுவிட்டார்.

“தவளை பாதியில நிக்குது.”

“பாதியா? இன்னும் எவ்ளோ பாக்கி சார்?”

“லட்சத்துல ரெண்டு வருஷம் போயிருக்கு. தெற்கால ஜெனரேட்டர் சத்தம் இல்ல? அதை மீறிக் கேக்கணும்னு இப்பவே கொஞ்சம் கீச்சுன்னு கத்துது, கவனிச்சியா?”

கவனித்தேன். எனக்கு இரண்டும் தவளைதான். ஆனால் அந்த அரை வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சுவர் மெல்ல மலைத்தொடராக உயரும். குட்டைகள் இரண்டு கடலாக விரியும். கம்பெனியும் நாங்களும் எங்கோ ஒரு கல்லுக்குள் அச்சாகப் படுத்திருப்போம். பிறகு சங்கு ஊதும். அவர் குதித்து இறங்கி டைம் ஆபீஸுக்கு ஓடுவார்.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. தவளைக்குக் கல்யாணம் செய்துவைத்தால் மழை வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. கன்னியப்பன் என்ற விவசாயி நாலு பேரோடு கேட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் கயிறு.

“மாப்ள எங்க பக்கமே கெடச்சுட்டாரு. பொண்ணு உங்க பக்கம் ஒண்ணு குடு சார்.”

லட்சம் சாரின் முகம் வெளுத்தது. “ஏம்பா, ரெண்டையும் உங்க குட்டையிலயே எடுத்துக்கயேன்!”

“இன்னா சார் பேசற? ஒரே குட்டைன்னா அண்ணன் தங்கச்சி ஆவாது?”

“யோவ், லட்சம் வருஷம் உட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரவே சேராதுய்யா!”

“அதுக்குத்தான் சார் இப்பவே முடிச்சிடறோம்.”

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். கன்னியப்பன் சிரிக்கவில்லை. இடுப்புத் துண்டிலிருந்து ஒரு நெற்பயிரை உருவி நீட்டினார். நுனி கருகி முறுகியிருந்தது.

“வெள்ளிக்கெழம தாண்டாது சார் இது.”

மேஜைமேல் கிடந்த கல்லைப் பார்ப்பதுபோலவே அந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார் லட்சம் சார். பிறகு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு தெற்குக் குட்டையில் இறங்கினார். எது பெண் என்று அவருக்குத்தானே தெரியும். சேற்றுக் கையோடு வந்து கேட் பாஸ் எழுதினார்: தவளை, ஒன்று. அதில் ‘திரும்பி வருவது’, ‘திரும்பி வராதது’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. பேனா கொஞ்சம் நின்றது. இரண்டாவது கட்டத்தில் குறி போட்டார்.

“பத்திரமாப் பாத்துக்கோங்க.”

“எங்க ஊட்டுப் பொண்ணு மாதிரி சார்.”

மாலையில் கயிறு கட்டி, பாட்டுப் பாடி, கயிற்றை அவிழ்த்து, ஜோடியை வடக்குக் குட்டையில் விட்டார்கள். அவர் சுவர் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

வியாழன் விடியலில் கொட்டித் தீர்த்தது. சுவர் ஒரு பக்கம் சரிந்து இரண்டு குட்டைகளும் ஒன்றாகிவிட்டன. சரியாமல் நின்ற சுவரின் மேல் அவர் இருந்தார். அந்த மழையிலும் குடை தலைக்குப் பின்னால்தான், தொப்பலாக நனைந்திருந்தார்.

“எந்தப் பக்கம் சார் கத்துது?”

“எல்லாப் பக்கமும். சும்மா இரு, கேக்கட்டும்.”

சங்கு ஊதியது. அவர் அசையவில்லை. கூப்பிட எனக்கு மனம் வரவில்லை.

அன்று டைம் கீப்பரின் அட்டையில் எட்டு நாற்பது என்று சிவப்பில் விழுந்திருந்தது.