குழாயை எதிர்த்து ஒரு முறையான விண்ணப்பம்

எங்கள் தெருவில் குடியிருப்பவர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். இதை நானாகச் சொல்லவில்லை, தெருமுனையில் பலகையே வைத்திருக்கிறோம். பலகை வைக்க அனுமதி வாங்கினோம். அனுமதி வாங்கிய விவரத்தைப் பலகையின் பின்பக்கம் எழுதியும் வைத்தோம். குப்பையை மூன்று நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடுவோம். லாரிக்காரர் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி ஏற்றிக்கொண்டு போவார். அது அவர் பாடு.

நான் இந்தத் தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் நானே. தலைவர், நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் காற்று வாங்கப் போனால்கூட ஓரக் கோட்டைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டார். தெருவில் அவருக்குச் 'சட்டப்படி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் அவருக்குப் பெருமைதான்.

இப்பேர்ப்பட்ட தெருவுக்குத்தான் எரிவாயுக் குழாய் வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மஞ்சள் தொப்பி போட்ட நாலு பேர் வந்து தெரு நெடுக வெள்ளைப் பொடியால் கோடு போட்டார்கள். தெரு வளைகிற இடத்தில் கோடு வளையவில்லை. நேராகப் போய், தையல்கார அக்கா வீட்டு முன்சுவரில் ஏறி, ஜன்னலைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது.

அக்காவுடையது ஒரே ஓர் அறை. முன்பாதியில் தையல் மெஷின், பின்பாதியில் அடுப்பும் பாயும், பத்தாவது படிக்கிற மகளும். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த முன்பாதிதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது.

"முன்பாதி போயிடும்மா. பின்பாதி உங்களுக்கே," என்றார் ஒரு மஞ்சள் தொப்பி, ஏதோ தானம் பண்ணுகிறவர் மாதிரி.

சாயங்காலமே சங்கம் கூடியது. எல்லோருக்கும் ரத்தம் கொதித்தது. எரிவாயு வெடித்தால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார், வீட்டு விலை என்ன ஆகும் என்று பத்துப் பேர் கேட்டார்கள். அக்கா கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு? நாளைக்குக் காலையில எல்லாரும் போய் அந்தக் கோட்டு மேல உக்காந்துடலாம். முப்பது வீடு இருக்கோம். நம்ம மேலயா மெஷினை ஓட்டுவாங்க?"

சட்டப்படி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"உக்காரலாம்மா. யாரு வேண்டாம்னா? ஆனா அனுமதியோட உக்காரணும். அனுமதி இல்லாம உக்காந்தா நமக்கும் ரவுடிக்கும் என்னம்மா வித்தியாசம்?"

எல்லோரும் கைதட்டினோம். நான்தான் முதலில் தட்டினேன்.

அடுத்ததாகப் போட்டோ ஸ்டுடியோக்காரர் எழுந்து ஒரு முக்கியமான பிரச்சினையைக் கிளப்பினார். "இப்போ எல்லா ஊர்லயும் பச்சைத் தொப்பிதான் ஓடுது. தொப்பி இல்லாத போராட்டத்தை ஒரு பயலும் திரும்பிப் பாக்கறதில்லை." எந்தப் பச்சை என்று விவாதம் நடந்தது. இளம்பச்சை போட்டோவில் வெளிறிவிடும் என்றார், கரும்பச்சை வயசைக் கூட்டிக் காட்டும் என்று பெண்கள் சொன்னார்கள். ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. அக்கா வீட்டுச் சுவரைப் பற்றி நாலு நிமிஷம் பேசினோம். குறிப்பேட்டில் நேரம் எழுதியவன் நான், அதனால் தெரியும். பேனர் தைக்கிற பொறுப்பை அக்காவிடமே ஒப்படைத்தோம். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு பங்கு கொடுக்க வேண்டும் அல்லவா?

மறுநாள் காலையிலேயே தெருமுனையில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். தலைவரும் நானும் அனுமதிப் பிரிவுக்குப் போனோம். அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை, ஆனாலும் சொன்னார்.

"எதிர்ப்புத் தெரிவிக்கணுமா? ரொம்ப சந்தோஷம். அது உங்க உரிமை. படிவம் பதினாலு. மூணு நகல். என்ன கோஷம் போடப் போறீங்கன்னு தனித்தாள்ல எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தோம்: 'குழாயே வெளியேறு!'

அதிகாரி சிவப்புப் பேனாவை எடுத்தார். "குழாய் இன்னும் உள்ள வரலையே. வராதது எப்படிங்க வெளியேறும்? இது தவறான தகவல்."

"அப்போ 'குழாயை எதிர்க்கிறோம்'னு போடலாமா சார்?"

"எதிர்க்கிறோம்னா மிரட்டற மாதிரி இருக்கே. கொஞ்சம் இதமா யோசிங்க."

இதமாக யோசித்தோம். நாலாவது தடவையில் கோஷம் ஒப்புதல் பெற்றது: 'குழாய் பற்றிச் சில கருத்துகள் உள்ளன.' சத்தம், வீட்டில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் அளவைத் தாண்டக் கூடாது. அறுபது பேருக்கு மேல் கூடாது. இடம், குப்பை லாரிகளை நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் உள்ள திடல்.

"அங்க யாரும் வரமாட்டாங்களே சார்," என்றேன் நான்.

"அதனாலதான் அங்க யாருக்கும் இடைஞ்சல் இல்லை," என்றார் அதிகாரி. தலைவர் என்னைப் பார்த்து, இதில் என்ன கேள்வி என்பது போலத் தலையாட்டினார்.

தேதி இருபத்தெட்டு. ஆனால் மஞ்சள் தொப்பிகள் சொன்ன கணக்குப்படி, தோண்டுகிற மெஷின் அக்கா வீட்டுச் சுவருக்கு வரப்போவது பத்தொன்பதாம் தேதி. இதை நான் பணிவுடன் எடுத்துச் சொன்னேன். கூடவே, எனக்கே எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டும் விட்டேன்: "சார், அந்தக் குழாய்க் கம்பெனி அனுமதி வாங்கியிருக்கா?"

அதிகாரி அலமாரியைப் பார்த்தார், மேஜைக்கு அடியில் பார்த்தார், கடைசியில் நிம்மதியாக நிமிர்ந்தார்.

"அவங்க மனுவே கொடுக்கலை."

"அப்போ தோண்டறது சட்டவிரோதம்தானே?"

"அவசரப்படாதீங்க. மனு இல்லைன்னா கோப்பு இல்லை. கோப்பு இல்லைன்னா அந்த வேலை நடக்கலைன்னு அர்த்தம். நடக்காத வேலையை நான் எப்படிங்க போய் நிறுத்தறது?"

"தெருவுல இடுப்பளவுக்குக் குழி இருக்கு சார்!"

"குழி இருக்கலாம். கோப்பு இல்லையே. உங்களுக்குக் கோப்பு இருக்கு. அதனால நிபந்தனை இருக்கு. மீறினா நடவடிக்கையும் இருக்கு. ஒழுங்கா மனுக் கொடுத்தவங்களை மட்டும்தான் இந்த ஆபீஸ் கவனிக்க முடியும்."

வெளியே வந்ததும் தலைவர் பெருமூச்சு விட்டார். "பாத்தியாப்பா? எவ்வளவு தெளிவா விளக்கறார். அந்தக் காலத்து ஆளு." கையில் முத்திரை குத்திய அனுமதி. இருபத்திரண்டு நிபந்தனைகள். அதைக் கண்ணாடிச் சட்டத்தில் போடலாமா என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம்.

அக்காவிடம் போய்ச் சொன்னோம். பேனரில் 'உள்ளன' வரைக்கும் தைத்திருந்தாள்.

"இருபத்தெட்டாம் தேதி என் சுவர் இருக்காதே ஐயா?"

"சுவர் போனா என்னம்மா, உரிமை இருக்கும்ல?" என்றார் சட்டப்படி. அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, மெஷினை மூடினாள்.

பத்தொன்பதாம் தேதி காலை தோண்டுகிற மெஷின் உறுமிக்கொண்டு வந்தது. அக்கா ஒரு ஸ்டூலையும் காஜா எடுக்க வேண்டிய சட்டைகளையும் தூக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். தன் வீட்டுச் சுவருக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் பாட்டுக்குக் காஜா எடுக்க ஆரம்பித்தாள்.

மெஷின் நின்றது. ஓட்டுகிறவர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "அந்தம்மா எந்திரிக்காம நான் கை வைக்கமாட்டேன். எனக்கும் அக்கா தங்கச்சி இருக்கு," என்று சொல்லிவிட்டு நிழலில் போய்ப் படுத்துவிட்டார். கம்பெனிக்காரர் போன் மேல் போன் போட்டார். ஒரு போலீஸ்காரர் வந்தார். வந்து தலையைச் சொறிந்தார்.

"உங்ககிட்ட தோண்ட பேப்பர் இருக்கா?" என்று கம்பெனிக்காரரைக் கேட்டார். இல்லை.

"உங்ககிட்ட உக்கார பேப்பர் இருக்காம்மா?" இல்லை.

"அப்புறம் நான் யாரைப் பிடிக்கறது?" என்று அவரும் நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டரை மணி நேரம் வேலை நின்றது. இவ்வளவு பெரிய கம்பெனியை ஒரு ஸ்டூல் நிறுத்தியிருந்தது. அன்றைக்கு நாங்கள் முப்பது வீடும் போய் அந்தக் குழிக்குள் இறங்கியிருந்தால் குழாய் வேறு வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். கம்பெனிக்காரர் போனில், "சுத்திப் போறதுக்கு வேற வரைபடம் இருக்கு சார்" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

அப்போதுதான் சட்டப்படி ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் அனுமதி. முகத்தில் ரத்தமே இல்லை.

"பதினோராவது நிபந்தனையைப் படிச்சியா? 'மேற்படி தெருவில் மேற்படி காரணத்துக்காக அனுமதியற்ற எதிர்ப்பு ஏதேனும் நடைபெறுமாயின் இந்த அனுமதி தானாகவே ரத்தாகும்.' போச்சு! எல்லாம் போச்சு! இந்தம்மா நம்ம போராட்டத்தையே கெடுத்துடுவா போலிருக்கே!"

தெருவே பதறிப்போனது. மூன்று நகல், நாலு கோஷம், அறுபது தொப்பி, எல்லாம் வீணாவதா? அன்று காலைதான் தொப்பிகள் வந்து இறங்கியிருந்தன. ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டு ஆறு பேர் குழிக்குள் இறங்கினோம். குழாயை எதிர்த்து நாங்கள் அந்தக் குழிக்குள் இறங்கியது அந்த ஒரு தடவைதான்.

"அம்மா, ஒன்பது நாள் பொறுத்துக்கோ. முறைப்படி எதிர்ப்போம்," என்றார் தலைவர்.

"ஒன்பது நாளா? ஒன்பது நிமிஷத்துல இடிச்சுடுவாங்க! கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

ஸ்டூலோடு சேர்த்துத் தூக்கினோம், மிகுந்த மரியாதையுடன். ஸ்டூலின் இடது பக்கக் காலைப் பிடித்தவன் நான். அக்கா திமிறவில்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் நான் என்னடா பாவம் பண்ணினேன்?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது. ஆனால் பிடியை விடவில்லை. விட்டால் நிபந்தனை மீறல்.

போலீஸ்காரர் எழுந்து எங்களுக்குக் கைகொடுத்தார். ஸ்டுடியோக்காரர் படம் எடுத்தார். பச்சை நன்றாகவே விழுந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குள் முன்பாதி போய்விட்டது.

இருபத்தெட்டாம் தேதி எங்கள் போராட்டம் மாபெரும் வெற்றி பெற்றது. அறுபத்தோரு பேர் வந்தோம், ஒருவரைத் திருப்பி அனுப்பினோம். லாரிக் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக நின்று, சாதாரணப் பேச்சுக் குரலில், "உள்ளன, உள்ளன, சில கருத்துகள் உள்ளன" என்று முழங்கினோம். லாரி கழுவுகிறவர் ஒருவர் எட்டிப் பார்த்து, தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டு, "யாரு போயிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா வரவில்லை. அது கொஞ்சம் மரியாதைக் குறைவுதான் என்று தலைவர் வருத்தப்பட்டார்.

பத்து நாள் கழித்து அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். இந்தத் தடவை நாற்காலி இருந்தது. பாராட்டுப் பத்திரம் ஒன்று கொடுத்தார், 'முன்மாதிரி எதிர்ப்பாளர்கள்' என்று. கூடவே ஒரு வரைபடத்தை விரித்தார்.

"கம்பெனி இன்னொரு குழாய் போடுது. பக்கத்துத் தெருக்காரங்க கல்லெடுத்து அடிக்கறாங்களாம், காட்டுமிராண்டிங்க. உங்க தெருன்னா கம்பெனிக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு ஒழுங்கான ஜனங்க வேற எங்க கிடைப்பாங்க?"

புதுக் கோடு தெருவின் எதிர்ப்பக்கம். ஸ்டுடியோக்காரரின் கூடத்தில் நுழைந்து, தலைவர் வீட்டு வரவேற்பறை வழியாக, என் மருந்துக்கடையின் நடுவில் போய்க்கொண்டிருந்தது.

பாராட்டுப் பத்திரத்தைக் கையில் பிடித்தபடியே இருவரும் நேராக அக்கா வீட்டுக்குப் போனோம். முன்சுவர் இருந்த இடத்தில் ஒரு படுதா. அதற்குப் பின்னால் அடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் மெஷினை நெருக்கிப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

என் வாய் கூசியது. ஆனால் கடை என்னுடையதாயிற்றே.

"அக்கா... திங்கட்கிழமை மெஷின் வருது. அன்னைக்கு மாதிரி நீங்க கொஞ்சம் குழிக்குள்ள வந்து உக்காந்தா..."

அக்கா மெஷினை நிறுத்தவில்லை. தையலை முடித்து, துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அதுக்கென்ன தம்பி, உக்காரறேன். முதல்ல அனுமதி வாங்கிட்டு வாங்க."

அவள் எங்களைச் செருப்பால் அடித்தாள் என்று எனக்குப் புரிந்தது. சட்டப்படிக்குப் புரியவில்லை. "நியாயமான கோரிக்கை," என்று குறித்துக்கொண்டார்.

குழிக்குள் உட்கார்வதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, எண் முப்பத்தொன்று. குழிக்கு உரியவரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். கம்பெனிக்காரர் ஒரு நிமிஷம்கூடக் காக்க வைக்காமல் போட்டுக் கொடுத்தார். உட்கார ஒதுக்கிய தேதி அடுத்த மாதம் மூன்று.

இன்றைக்கு ஞாயிறு. அலமாரிகளைக் காலி செய்து மருந்துகளை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பெட்டிகளைத் தெருவில் வைக்க முறைப்படி அனுமதி கிடைத்துவிட்டது.