உறிஞ்சல் ஐயாவின் மௌனம்

வயிற்றில் எது சிக்கியிருந்தாலும் சரி, உறிஞ்சல் ஐயா எடுத்துவிடுவார். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஒரு செப்புக் குழல், அவ்வளவுதான். ஒரு முனையை நோயாளியின் நெஞ்சில் வைப்பார், மறுமுனையைத் தன் வாயில் வைப்பார், ஒரே உறிஞ்சு! உள்ளே மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்த ரொட்டித் துண்டு எலும்பைத் தாண்டி, தோலைத் தாண்டி, சட்டையையும் தாண்டி ஐயாவின் வாய்க்கு வந்து, அங்கிருந்து தட்டில் பொத்தென்று விழும். சட்டையில் ஒரு பொத்தான்கூட அவிழ்ந்திருக்காது. அதெப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் வரிசையில் இடம் போய்விடுமே!

அந்த வரிசையோ, ஐயா குடியிருந்த பழைய மோட்டார் பட்டறையிலிருந்து தெரு முனை வரைக்கும் நின்றது. படிக்காத ஜனம் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர் நின்றார். வங்கிக்காரர் ஒருவர் நின்றார். மருந்துக் கடைக்காரர் ஒருவரும் நின்றார், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு.

ஐயாவிடம் போக இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, நோய் என்னவென்று வாய் திறக்கக் கூடாது, ஐயாவே கண்டுபிடிப்பார். இரண்டு, உறிஞ்சுவதற்கு முன்னால் ஐயா திரைக்குப் பின்னால் போய்த் தியானம் செய்வார், வெளியே வந்த பிறகு ஒரு வார்த்தை பேச மாட்டார். முழு மௌனம். கன்னம் இரண்டும் லேசாக உப்பியிருக்கும். அதை முகக்களை என்று ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்றைக்கு வரிசையில் ஒரு குடும்பம் நின்றது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா பள்ளி வேன் ஓட்டுகிறவள். கூடவே அப்பாவின் அக்கா, அதாவது குழந்தைக்கு அத்தை. அம்மாவின் தோளில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. வீட்டில் அவளுக்குப் பெயர் பட்டாசு. எப்போது வெடிப்பாள் என்று சொல்ல முடியாது என்பதால் வந்த பெயர்.

பட்டாசுக்கு விழுங்க வராது. பிறவியிலேயே தொண்டைத் தசை சரியில்லை. வாயில் கொடுப்பது நேரே நுரையீரலுக்குப் போய்விடும். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரே ஒரு ஸ்பூன் பால் கொடுத்ததற்கு, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்து, அவள் பிழைத்து வந்ததே பெரிய விஷயம். அதனால் வயிற்றில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருந்தார்கள். சாப்பாடு எல்லாம் அதன் வழியாகத்தான். ஆனால் போன சாப்பாட்டில் பாதி வாய் வழியாகத் திரும்பி வந்தது.

வாந்தி என்றால் சும்மா இல்லை. வீட்டில் எல்லார் தோளிலும் ஒரு துண்டு, எல்லா அறையிலும் ஒரு பேசின். விருந்தாளி வந்தால் முதலில் தண்ணீர் கொடுப்பதில்லை, துண்டு கொடுப்பார்கள். அப்பா வேலைக்குக் கிளம்புவதற்குள் இரண்டு சட்டை மாற்றிவிடுவார். அத்தைக்குக் குழந்தை மேல் கொள்ளைப் பிரியம், அதைக் கதவோரத்தில் நின்றே காட்டுவார்.

"உள்ள ஏதோ சிக்கியிருக்குடா தம்பி. அதான் தள்ளுது. ஐயா எடுத்துட்டா அந்தக் குழாயையே கழட்டிடலாம்," என்றது இந்த அத்தைதான்.

லிஃப்ட் ஏன் நின்றது என்று கேட்டால் ஒயர் ஒயராகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிற மனிதர், இதற்கு உடனே தலையாட்டினார். குழந்தை இளைத்துக்கொண்டே போனால் எந்தத் தகப்பனுக்கும் மூளை கொஞ்சம் லீவு போட்டுவிடும். அதில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்த லீவை நம்பிக் கடை விரித்தவனைத்தான் சொல்கிறேன்.

"ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்ட இன்னொரு தடவை கேக்கலாங்க," என்றாள் அம்மா.

"கேட்டு என்ன ஆச்சு? மெதுவா குடு, நிமித்தி வைங்கிறாங்க. மெதுவா குடுத்தா எப்ப உடம்பு தேறும்? நான்தான் குழாய்ல சீக்கிரமா ஏத்திடறேனே!" என்றார் அப்பா.

முறை வந்தது. ஐயா திரைக்குப் பின்னால் போனார், மௌனத்தோடு வந்தார். பட்டாசின் சட்டைக்கு அடியில் குழாய் இருப்பது அவருக்குத் தெரியாது. நோயைச் சொல்லக் கூடாது என்ற விதி அவர் போட்டதுதானே! குழலை நெஞ்சில் வைத்து உறிஞ்சினார். தட்டில் விழுந்தது, முடி சுற்றிய ரொட்டி உருண்டை.

கூட்டம் ஆவென்று வாய் பிளந்தது. அத்தை அழுதேவிட்டார். அப்பாவுக்கும் கண் கலங்கியது.

"ரொட்டி தொண்டையில அடைச்சிருக்கு. பார்த்தீங்களா? அடைப்பு போயிடுச்சு," என்று அறிவித்தான் ஐயாவின் உதவியாளன். "இந்தாங்க, பால்ல ஊறின ரொட்டி. ஐயா கண்ணு முன்னாடியே ஊட்டுங்க. இனிமே எதுவும் அடைக்காது."

அப்பா ரொட்டியை வாங்கினார். கை குழந்தையின் வாய்ப் பக்கம் போனது. அம்மா அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வைங்க அதை. ரொட்டின்னா என்னன்னு இவளுக்குத் தெரியுமாங்க? பொறந்ததுலேர்ந்து ஒரு துணுக்காவது தின்னிருக்காளா? அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்பா குழந்தையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். லீவில் போனது மெல்லத் திரும்பி வர ஆரம்பித்தது.

கூட்டம் மட்டும் அசரவில்லை. "வீட்ல யாரோ திருட்டுத்தனமா குடுத்திருக்காங்க," என்றது ஒரு குரல். எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். "ஐயோ, நான் அவ பக்கத்துலயே போனதில்லையே!" என்று பதறினார் அத்தை. முதல் முறையாக அதை அவர் பெருமையாகச் சொன்னார்.

அம்மா சண்டை போடவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. அடியில இன்னும் கொஞ்சம் இருக்குமோ என்னமோ. முழுசா எடுத்துடுங்க, அப்புறம் ஊட்டுறோம்."

இன்னொரு உறிஞ்சுக்கு இன்னொரு கட்டணம். ஐயா குஷியாகத் திரைக்குப் பின்னால் ஓடினார், கன்னம் உப்ப வந்தார். குழலை நீட்டினார். அம்மா அதன் வாயைக் கையால் பொத்தினாள்.

"ஒரு நிமிஷம். உறிஞ்சறதுக்கு முன்னாடி உங்க வாயைத் திறந்து காட்டுங்க."

"ஐயா மௌனத்துல இருக்கார்!" என்று பாய்ந்தான் உதவியாளன்.

"பேச வேணாம். ஆன்னு காட்டினா போதும்."

"என்ன திமிரு!" என்று கூட்டம் கொதித்தது. தொப்பிக்கு அடியிலிருந்து மருந்துக் கடைக்காரர் மட்டும், "காட்டினா என்ன?" என்று முனகினார். அதற்குள் அத்தை கைகூப்பியபடி முன்னால் வந்துவிட்டார். "காட்டிடுங்கய்யா! வாய் சுத்தமா இருக்குன்னு தெரிஞ்சா இவ வாயும் அடங்கும்!"

ஐயா திரையைப் பார்த்தார். வழியில் பக்தியோடு அத்தை நின்றார். வலது பக்கம் கூட்டம், இடது பக்கம் சுவர். வேறு வழி தெரியாமல் ஐயா, வாயில் இருந்ததை ஒரே மடக்காக விழுங்கினார்.

ரொட்டியாவது போயிருக்கும். முடி போகுமா? ஐயாவின் கண் பிதுங்கியது. முகம் சிவந்தது. குமட்டல் வயிற்றிலிருந்து சத்தத்தோடு கிளம்பியது.

அங்கே இருந்தவர்களில் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்தவள் ஒருத்திதான். கண் மூடித் திறப்பதற்குள் குழந்தையை அப்பாவிடம் கொடுத்து, பையிலிருந்து பேசினை எடுத்து, ஐயாவின் பின்கழுத்தைப் பிடித்துக் குனிய வைத்தாள்.

"நிமிராதீங்க. மூக்கால மூச்சு விடுங்க. அடக்காதீங்க, வரட்டும். ம்... அப்படித்தான்."

வந்தது. முடி சுற்றிய ரொட்டி உருண்டை ஒன்று. பின்னாலேயே இன்னொன்று, அடுத்த நோயாளியின் பங்கு. அம்மா துண்டால் ஐயாவின் வாயைத் துடைத்துவிட்டு, பேசினைக் கூட்டத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"நல்லா பாருங்க. இதுங்க எங்க சிக்கியிருந்துச்சுன்னு இப்பத் தெரியுதா?"

உதவியாளனைக் காணோம். கட்டணப் பெட்டியையும் காணோம். ஆசிரியர் திரையை விலக்கினார். உள்ளே ஒரு முழு ரொட்டி, ஒரு சீப்பு, சீப்பு நிறைய முடி. தியானப் பொருட்கள் அவ்வளவுதான். அப்பா கையில் ஊறிக்கொண்டிருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

மறுநாளே நர்ஸம்மாவிடம் போனார்கள். கொடுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாக, நிமிர்த்தி வைத்துக் கொடுக்கச் சொன்னார். கொடுத்த பிறகும் உடனே படுக்க வைக்கக் கூடாது என்றார். எல்லாம் முன்பே சொன்னதுதான், அப்பா இப்போதுதான் காதில் வாங்கினார். வாந்தி அடியோடு நிற்கவில்லை. ஆனால் வெகுவாகக் குறைந்தது. பட்டாசின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது, அப்பாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சட்டை போதும் என்றாயிற்று.

பட்டறை வாசலில் அன்றைக்குக் கடைசி வரை போகாமல் நின்ற சிலரையும் சொல்லிவிட வேண்டும். "பாவம், ஐயாவுக்கே சிக்கிடுச்சே! அவருக்கு உறிஞ்ச வேற யாராவது இருக்காங்களா?" என்று அவர்கள் கவலையோடு விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அன்பர்களே, அவன் வாயில் இருந்ததை ஒரு தாய் வெளியே எடுத்துக் காட்டிவிட்டாள். உங்கள் தலைக்குள் அடைத்துக்கொண்டிருப்பதை நீங்களேதான் எடுக்க வேண்டும், அதற்கு எந்தக் குழலும் கிடையாது.