ராமாத்தாள் துடைப்பம் துறந்த படலம்

வாழ்க ராமாத்தாள்! பஞ்சுப் பொதி சுமந்து பாறையான தோளினள், வெற்றிலைக் காவியேறிய வீரப் பல்லினள், திருச்செங்கோட்டுச் சாலை நூல் மில்லில் பொழுதெல்லாம் நூற்கும் கதிரோடு பொருது நிற்கும் பெருந்தகையாள் வாழ்க! அவள் துடைப்பத்தைக் கீழே போட்ட கதையைப் பாடப் புகுகிறோம். கலைமகளே, எம் நாவில் வந்து குந்து. வெற்றிலைச் சாறு பட்டால் கோபித்துக்கொள்ளாதே.

அந்த மில்லில் ஒரு வழக்கம். பத்து மணிநேர வேலை முடிந்து மாலைச் சங்கு ஊதி எந்திரங்கள் ஓய்ந்த பின்னும் பெண்டுகள் வீடு திரும்பலாகாது. நால்வகைச் சேனை கிளப்பிய புழுதிபோல் தரையெங்கும் படிந்த பஞ்சுத் தூசியை அரைமணி நேரம் கூட்டிவிட்டே போகவேண்டும். அதற்குக் கூலி கிடையாது. ஆனால் போன வாரம் மில்லைப் பார்க்க வந்த சர்க்கார் அதிகாரி, நாளுக்குப் பத்து மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரைப் பங்கு கூலி தரவேண்டும் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிப் போயிருந்தார்.

அன்று சங்கு முழங்கிற்று. முழங்கிய மாத்திரத்தில் ராமாத்தாள், பகையரசன் மணிமுடியை உருட்டிவிடுவாள்போல், துடைப்பத்தைத் தரையில் எறிந்தாள். பஞ்சுப் பொதிமீதேறி அரியணை அமர்ந்தாள்.

வந்தார் தீர்த்தகிரி மேஸ்திரி! தலைப்பாகை மேகம் கவிந்த மலையென அசைய, மீசை மதயானைக் கொம்பென நிமிர, செருப்புச் சத்தமே போர்ப்பறையாக வந்தார்.

"ஏனாத்தா, குந்தீட்ட? கூட்டறதெல்லாம் ஒரு வேலையா? ஊட்டுல கூட்டறதுக்கு எவன் கூலி குடுக்கறான்?"

"அது எம்பட ஊடுங்க மேஸ்திரி. இது மொதலாளி ஊடு. ஒன்றரைப் பங்கு போடச் சொல்லுங்க, உங்க மீசையில ஒட்டுன பஞ்சையுஞ் சேத்துக் கூட்டியுடறேன்."

பெண்டுகள் கொல்லென்று சிரித்தனர். மார்பில் அம்பு தைத்த மேஸ்திரி, "நாளையிலிருந்து உனக்கு வேலை கெடையாது!" என்னும் பிரம்மாத்திரத்தை விடுத்தார்.

மேரு நடுங்கிற்றோ, அறியோம். ராமாத்தாள் வீட்டை நினைத்தாள். கணவன் சென்றாயன் கால் ஒடிந்து கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். வீட்டில் அடுப்பெரிவது இவள் ஒருத்தி கூலியில். இறங்கிவிடலாமா என்று ஒரு காலைத் தொங்கவிட்டாள். ஏறும்போது வராத வெட்கம் இறங்கும்போது வந்தது. காலை மறுபடி மடக்கிக்கொண்டாள்.

அப்போது அவள் பின்னே ஒரு துடைப்பம் விழுந்தது. உடன் வேலை செய்யும் சின்னாயியுடையது. அதன்பின் ஆடிக்காற்றில் தென்னமட்டை விழுவதுபோல் சடசடவென்று அத்தனை பெண்டுகளின் துடைப்பங்களும் விழுந்தன.

ஆரவாரம் கேட்டு முதலாளியே எழுந்தருளினார். ஒன்றரைப் பங்கு என்னும் சொல் செவியில் நுழைந்ததும் நிலவைப் பாம்பு கவ்வியதுபோல் முகம் கருத்தார். கீழே கிடந்த துடைப்பங்களைப் பார்த்தார், மேஸ்திரியைப் பார்த்தார். பின்பு திருவாய் மலர்ந்தார்.

"பொம்பளைங்க ஊட்டுக்குப் போகட்டும். நாளைக்கு அல்லாரும் எப்பவும் போல வேலைக்கு வரட்டும். ஏனப்பா தீர்த்தகிரி, ஓவர்டைமுங்கறது கூலிக்காரங்களுக்குத்தான? மாசச் சம்பளம் வாங்கற மேஸ்திரிக்குக் கெடையாதில்ல?"

"நமக்கெல்லாம் ஏதுங்க மொதலாளி, கூலிக்காரங்களாட்டம்!" என்று தலைப்பாகை நிமிர, பெருமை பொங்க, திசையெட்டும் கேட்க முழங்கினார் மேஸ்திரி.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி கூட்டினார்.